பின்கதவு வழியாகப் போன பிக்கப்

ஹோப் காலேஜ் சிக்னலில் பச்சை விழுந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். மிதித்தேன் என்றால், தரையோடு தரையாக. இடப்பக்கம் நின்ற டவுன் பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போனது. வலப்பக்கம் ஒரு தண்ணீர் லாரி, நிறைலோடு, அதுவும் போனது. கடைசியாக ஷேர் ஆட்டோ ஒன்று தாண்டியபோது பின்சீட்டிலிருந்து பேரன் கேட்டான்: "அப்புச்சி, வண்டி ஓடுதா, நின்னுட்டு இருக்குதா?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1983ஆம் வருஷத்து மெர்சிடிஸ் 300 டி, டபிள்யூ 123 என்று பழைய கார்க்காரர்கள் சொல்லும் வகை. ஐந்து சிலிண்டர், மூன்று லிட்டர் டீசல், டர்போ கிடையாது, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். ஒரு மில் குடும்பத்தின் ஷெட்டில் பல வருஷம் தூங்கிய வண்டி. அவர்கள் தோட்டத்து மோட்டார்களைப் பார்த்துக்கொடுத்த பழக்கத்தில் எனக்கு வந்து சேர்ந்தது. நான் 34 வருஷம் பம்ப்செட் கம்பெனியில் டெஸ்ட் பெஞ்சில் நின்றவன். ஒரு பம்ப் தண்ணீர் கம்மியாகத் தள்ளினால் கோளாறு மோட்டாரிலா, இம்பெல்லரிலா, பைப்பிலா என்று பிரித்துச் சொல்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. சொந்தக் கார் இழுக்காமல் போனபோது அந்தப் புத்தியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. போய் நாசிலை மாற்றினேன். ஐந்து நாசில். ஒரு மாற்றமும் இல்லை.

'பிக்கப் இல்லை' என்று நாம் சொல்கிறோமே, அது காய்ச்சல் என்று சொல்வதைப் போல. நூறு நோய்க்கும் அதே பேச்சு. கிளட்ச் வைத்த வண்டியில் ஆளைப் பிடிப்பது ஓரளவு சுலபம். இன்ஜின் கத்தி வண்டி நகராவிட்டால் கிளட்ச் பிளேட், இன்ஜினே கத்தாவிட்டால் இன்ஜின். ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இரும்புப் பிணைப்பு கிடையாது, எண்ணெய்தான். குற்றவாளிகள் இரண்டு பேர், நடுவில் ஒரு வழவழப்பான சாட்சி.

அந்தச் சாட்சிக்கு டார்க் கன்வர்ட்டர் என்று பெயர். பம்ப்காரனுக்கு அதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிஷம் போதும். ஒரே டப்பாவுக்குள் எதிரெதிரே இரண்டு இறக்கைச் சக்கரம். ஒன்றை இன்ஜின் சுற்றுகிறது, அது பம்ப். அது எறியும் எண்ணெய் எதிர்ச் சக்கரத்தில் மோதி அதைச் சுற்றவைக்கிறது, அது டர்பைன். நடுவில் மூன்றாவதாக ஒரு சின்னச் சக்கரம், ஸ்டேட்டர். மோதித் திரும்பும் எண்ணெயை அது பம்ப் சுற்றும் திசைக்கே மடக்கிவிடுகிறது. இந்த மடக்கலால்தான் வண்டி கிளம்பும் நேரத்தில் இன்ஜின் கொடுக்கும் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகச் சக்கரத்துக்குப் போகிறது. ஜெர்மனிக்காரர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் இதற்குப் பேட்டன்ட் வாங்கினார். அவர் நினைத்தது கப்பலை. ஸ்டீம் டர்பைனின் அசுரச் சுற்றைக் கப்பலின் சுழலிக்கு இறக்கிக் கொடுக்க ஒரு வழி தேடினார். கார் பிற்பாடுதான் வந்தது.

நாசிலுக்குப் பணம் கொடுத்துக் கை சுட்ட பிறகு, ஒரு பழைய நோட்டை எடுத்து டெஸ்ட் பெஞ்ச் வழக்கப்படி ஆரம்பித்தேன். முதல் கேள்வி: புதிதாக இருந்தபோது இந்த வண்டிக்கு எவ்வளவு பிக்கப் இருந்தது? இதை யாரும் கேட்பதில்லை. 300 டி-யின் இன்ஜின் 88 குதிரைத்திறன், அதுவும் 4,400 சுற்றில். இன்றைக்கு ஒரு ஸ்விஃப்ட்டில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஆனால் இந்தப் பெரியவர் அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் எடை. கம்பெனியிலிருந்து வெளியே வந்த அன்றைக்கே நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகம் தொட இருபது வினாடி அளவில் ஆகும். மகனின் புதுக் காரை ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் எந்தப் பழைய வண்டியும் மாட்டு வண்டிதான். எத்தனையோ பேர் இதற்குப் போய் கியர்பாக்ஸை இறக்கியிருக்கிறார்கள்.

நீலாம்பூர் பைபாஸில் விடிகாலை ஐந்தரைக்கு, ரோடு காலியாக இருக்கும்போது, மருமகன் மொபைலில் ஜி.பி.எஸ். பார்த்தபடி நேரம் எடுத்தார். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, இரண்டுக்கும் சராசரி. 31 வினாடி. இருபது எங்கே, முப்பத்தொன்று எங்கே. ஆக, கோளாறு என் மனசில் இல்லை.

(இந்த வண்டியை 'வின்டேஜ்' என்று எழுதினால் சண்டைக்கு வருவோர் உண்டு. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டினால்தான் வின்டேஜ். எங்கள் வண்டிக்கு இன்னும் சில வருஷம் பாக்கி. ஷேர் ஆட்டோ தாண்டிப் போகும்போது இந்த வித்தியாசமெல்லாம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.)

அடுத்து கால். மிதிக்கிறேன் என்கிறாயே, மிதிப்பது போய்ச் சேருகிறதா? மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து நின்றுகொண்டார். அறுபது வயது, சிங்காநல்லூர்ப் பக்கம் ஒற்றை ஆளாக ஷெட் நடத்துகிறவர். நான் உள்ளே உட்கார்ந்து, இன்ஜினை ஓடவிடாமல், பெடலை அழுத்தினேன். "அழுத்துங்." அழுத்தினேன். "முழுசா அழுத்துங்." "முழுசாத்தானுங் அழுத்தியிருக்கேன்." "அட, இங்க பம்பு லிவரு இன்னும் ஒரு விரக்கட தூரம் பாக்கி நிக்குதுங்." இறங்கிப் போய்ப் பார்த்தால், டீசல் பம்பின் லிவர் தன் கடைசி நிறுத்தத்தைத் தொடவே இல்லை. பெடலுக்கும் பம்புக்கும் நடுவில் நாலைந்து கம்பி, முனையில் பந்து மூட்டு, நடுவில் பிளாஸ்டிக் புஷ். புஷ்கள் தேய்ந்து ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் விழுங்கிக்கொண்டது. மீதியை விழுங்கியது நான் ஆசையாகப் போட்ட தேங்காய் நார் மிதியடி, பெடலுக்கு அடியில் ஒரு அங்குலம் கெட்டியாக. புஷ்களை அண்ணன் நைலான் ராடில் லேத்தில் கடைந்து போட்டார். மிதியடி வாசல்படிக்குப் போனது. 27 வினாடி. காரைக் கழற்றாமலே நான்கு வினாடி.

பிறகு டீசல் வருகிறதா என்று பார்த்தோம். நின்றே கிடந்த வண்டியின் டேங்கில் கறுப்புச் சேறு படியும், அது அடியிலிருக்கும் வலையை அடைக்கும். ஐடிலிங்கில் தெரியாது, ரேஸ் கொடுத்து டீசல் நிறையக் கேட்கும்போதுதான் தெரியும். இதற்கு அண்ணன் ஒரு வேலை செய்தார். ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை ஊற்றிப் பானெட்டுக்குள் கட்டி, டேங்கிலிருந்து வரும் டியூபைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராகக் கொடுத்தார். காலியாகக் கிடந்த பக்கத்து லேஅவுட் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். இழுவை கொஞ்சம் கூடியது. அப்படியானால் தப்பு டேங்க் பக்கம். இறக்கிக் கழுவினால் வலையில் தார் மாதிரி ஒட்டியிருந்தது. ஃபில்டர் இரண்டும் மாற்றினோம். கையோடு டேப்பெட்டையும் பார்த்தோம். இந்த இன்ஜினுக்கு ஆறின நிலையில் உள்வாங்கும் வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர் இடைவெளி, புகை போகும் வால்வுக்கு 0.30. ஃபீலர் கேஜ் விட்டால் புகை வால்வு மூன்றில் நுழையவே இல்லை. அதாவது அந்த வால்வுகள் முழுசாக மூடாமல் இருந்திருக்கின்றன. சரிசெய்ததும் காலை ஸ்டார்ட்டிங்கே மாறிவிட்டது. 24.5 வினாடி.

இங்கே நின்றிருக்கலாம், நிறையப் பேர் நின்றுவிடுவார்கள். ஆனால் நோட்டில் இன்னும் நாலரை வினாடி கணக்கில் வரவில்லை. இனி அது இன்ஜினா, கியர்பாக்ஸா?

அதைப் பிரிக்கத்தான் ஸ்டால் டெஸ்ட். கையில் பிரேக், காலில் பிரேக், முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது. லிவரை டி-யில் போட்டு ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதிக்க வேண்டும். சக்கரம் அசையாது, டர்பைன் அசையாது, பம்ப் சக்கரம் மட்டும் எண்ணெயைக் கடைந்துகொண்டே ஒரு குறிப்பிட்ட சுற்றில் போய் மாட்டிக்கொள்ளும். அந்த ஆர்.பி.எம்.மைக் குறித்துக்கொண்டு உடனே காலை எடுத்துவிட வேண்டும். ஐந்து வினாடிக்கு மேல் போனால் எண்ணெய் வெந்துவிடும். முடித்தபின் நியூட்ரலில் ஒரு நிமிஷமாவது ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். பிரேக் மேல் நம்பிக்கை இல்லாத வண்டியில் இந்தப் பரீட்சையே கூடாது, படித்துவிட்டு யாரும் வீட்டு போர்ட்டிகோவில் செய்துபார்க்க வேண்டாம்.

சுற்றை அளக்க என் பழைய கருவியையே எடுத்துப்போனேன். கிராங்க் புல்லியில் பளபளக்கும் ஸ்டிக்கர் துண்டு ஒன்றை ஒட்டி, எதிரே ஒளி பாய்ச்சி எண்ணும் டாக்கோமீட்டர். மோட்டார் ஷாஃப்ட்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை பிடித்த கை.

எண் சொல்வதை இப்படிப் படிக்க வேண்டும். புத்தகத்தில் இருப்பதைவிடச் சுற்று அதிகம் வந்தால், கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் பிளேட்டோ பேண்டோ வழுக்குகிறது. கொஞ்சம் குறைந்தால் இன்ஜினுக்குத் தெம்பு இல்லை. ரொம்பவே குறைந்தால் ஸ்டேட்டரின் மேல் சந்தேகம் வர வேண்டும். அதை ஒரு பக்கம் மட்டும் சுற்றவிடும் ஒன்வே கிளட்ச் உடைந்து இரு பக்கமும் சுற்ற ஆரம்பித்தால், எண்ணெயை மடக்க ஆள் இல்லை, அந்த இரண்டு மடங்கு போயிற்று. அப்படிப்பட்ட வண்டி சிக்னலில் செத்ததுபோல் கிளம்பும், அறுபது எழுபதுக்கு மேல் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். அதே கிளட்ச் இறுகிப்போனால் நேர் எதிர்: கிளம்புவது ஜோராக இருக்கும், வேகத்தில் மூச்சு வாங்கும், எண்ணெய் சுடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல இன்ஜினைப் பிரித்துப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வண்டி புத்தகத்தில் இருந்த எல்லைக்குள் வந்தது. இன்ஜின் சரி, கன்வர்ட்டர் சரி, கிளட்சும் வழுக்கவில்லை. ஆயில் டிப் ஸ்டிக்கையும் பார்த்தோம். வண்டி சூடாக, பார்க்கில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். நல்ல சிவப்பு, தீய்ந்த வாடை இல்லை. துடைக்க நான் திருப்பூர் பனியன் வேஸ்ட்டை எடுத்தேன், அண்ணன் கையைத் தட்டிவிட்டார். எங்கள் ஊரில் பனியன் வேஸ்ட் இல்லாத ஒர்க்‌ஷாப் கிடையாது. ஆனால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலில் ஒரு நூல் இழை போனாலும் உள்ளே இருக்கும் நுண்ணிய வால்வு ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிசிறு விடாத துணிதான் வேண்டும்.

எல்லாரும் நல்லவர்கள் என்றால் வண்டி ஏன் மெதுவாகப் போகிறது? மறுநாள் விடிகாலை வினாடியை விட்டுவிட்டுக் கியர் மாறும் இடத்தை எழுதினோம். கால் தரையில் இருக்கும்போதே மூன்றாம் கியர் 48 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தது. அண்ணன் சொன்னார், "இவ்வளவு சீக்கிரம் ஏறக்கூடாதுங். மொத்தக் காலும் கொடுத்தா, ரெண்டுலயே நல்லா கத்தவெச்சிட்டுத்தான் மூணுக்குப் போகோணும்." டர்போ இல்லாத டீசலுக்குக் கீழ்ச் சுற்றில் வலு ரொம்பக் கம்மி. 4,400இல் இருக்கும் 88 குதிரையைத் தொடவிடாமல், பாதி வழியிலேயே அடுத்த கியருக்கு இழுத்துப் போட்டால் வண்டி என்ன செய்யும்? லிவரைக் கீழே இறக்கி, கியர் தானாக ஏறாதபடி பிடித்து, நானே நேரம் பார்த்து மேலே தள்ளி ஓட்டினேன். 22 வினாடி! அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ். தெம்பெல்லாம் இருக்கிறது. எப்போது மாற்றுவது என்கிற தீர்ப்புதான் தப்பு.

அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக்கில் கம்ப்யூட்டர் கிடையாது. தீர்ப்பு சொல்வது எண்ணெய் அழுத்தம். வேகம் கூடக்கூட ஒரு பக்க அழுத்தம் கூடி, 'மாத்து, மாத்து' என்று வால்வைத் தள்ளும். காலை அழுத்த அழுத்த எதிர்ப்பக்க அழுத்தம் கூடி, 'பொறு, பொறு' என்று தடுக்கும். கயிறு இழுக்கும் போட்டி மாதிரி. காலின் செய்தியைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது சைக்கிள் பிரேக் ஒயர் போன்ற ஒரு கேபிள். இது தவிர, பெடலுக்கு அடியில் கிக்டவுன் ஸ்விட்ச் ஒன்று. கடைசி வரை மிதித்தால் கரண்ட் போய்க் கியரைக் கீழே இறக்கும். இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பிப் பெடலைக் கடைசி வரை அழுத்தினால் கியர்பாக்ஸ் பக்கம் 'டிக்' என்று கேட்க வேண்டும். எங்களுக்குக் கேட்கவில்லை. அண்ணன் பியூஸ் பெட்டியைத் திறந்து, பீங்கானில் தோட்டா வடிவத்தில் இருக்கும் பியூஸ்களை விரல் நுனியால் ஒவ்வொன்றாக உருட்டிவிட்டார். முனையில் பூத்த வெள்ளை உப்பு தேய்ந்து போனது. மறுபடி அழுத்தினேன். டிக்.

கேபிளில்தான் கதை இருந்தது. அட்ஜஸ்ட்மென்ட் நட்டுக்குப் பக்கத்தில், மரையின் மேல் பழைய அழுக்கு வளையம் ஒன்று. நட்டு பல வருஷம் உட்கார்ந்திருந்த இடம் அதுதான். இப்போது நட்டு அங்கிருந்து அரை விரல் தள்ளி, புதுசாகச் சுத்தியிருந்த மரையில் இருந்தது. யாரோ வேண்டுமென்றே கேபிளைத் தளர்த்தியிருக்கிறார்கள். காலின் பக்கம் கயிறு இழுக்க ஆளே இல்லாமல் பண்ணியிருக்கிறார்கள்.

பழைய இடத்துக்குத் திருகினோம். வண்டி பாய்ந்தது. கூடவே இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் ஒரு ஜெர்க். கேபிளைத் தளர்த்தியவர் ஏன் தளர்த்தினார் என்று அப்போது விளங்கியது. ஓனருக்கு ஜெர்க் பிடிக்கவில்லை, மெக்கானிக் ஒரு திருகு திருகி ஜெர்க்கை அமுக்கிவிட்டார். பிக்கப்பும் அதோடு அமுங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

சரி, ஜெர்க் எங்கிருந்து? கியர் எவ்வளவு மெத்தென்று மாற வேண்டும் என்பதை இந்த வண்டியில் வேக்குவம் தீர்மானிக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் அது உறிஞ்சு குழாயில் தானாகக் கிடைக்கும். டீசலில் கிடைக்காது, அதனால் இன்ஜினோடு ஒரு வேக்குவம் பம்பைச் சேர்த்திருக்கிறார்கள். பம்ப் இருக்கிறதே என்று ஜெர்மனிக்காரர்கள் மற்ற வேலைகளையும் அதன் தலையில் கட்டினார்கள். பிரேக்குக்கு உதவி அதுதான். சாவியைத் திருப்பியதும் டீசலை நிறுத்தி இன்ஜினை அணைப்பது அதுதான். டிரைவர் கதவைப் பூட்டினால் மற்றக் கதவுகளையும் சேர்த்துப் பூட்டுவதும் அதுவேதான். வண்டி முழுக்க வண்ணக் கோடு போட்ட மெல்லிய பிளாஸ்டிக் டியூபுகள்.

அண்ணன் இதைச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குள் எதுவோ இடறியது. நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில், வண்டி வாங்கிய மாதத்திலேயே எழுதியது: 'சாவி எடுத்தபின் இன்ஜின் மூன்று நான்கு வினாடி கழித்தே நிற்கிறது. பழைய டீசல், அப்படித்தான்.' அதற்குக் கீழே வேறு மையில்: 'பின் இடது கதவு சேர்ந்து பூட்டுவதில்லை.' இதை எழுதவைத்தவள் வீட்டுக்காரி. "ஏனுங், இந்தக் கதவு பூட்டறதே இல்லீங், கோயிலுக்குப் போனா நான்தான் சுத்தி வந்து பூட்டோணுமாங்" என்று ஒரு வருஷமாகச் சொல்கிறாள். பிக்கப் பிரச்சினை முடியட்டும், கதவை அப்புறம் பார்க்கலாம் என்று நானும் ஒரு வருஷமாகச் சொல்கிறேன்.

அண்ணன் கதவுகளுக்குப் போகும் டியூபைப் பிடுங்கி, அதன் வாயில் ஒரு ஆணியைச் செருகினார். ஓட்டிப் பார்த்தோம். இரண்டு, மூன்று, நான்கு. நெய்யில் விரல் போவதுபோல் கியர் மாறியது. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் அந்தக் கணமே நின்றது. பின் இடது கதவின் அட்டையைக் கழற்றினால், பூட்டை இழுக்கும் சின்ன டப்பாவுக்குள் இருக்க வேண்டிய ரப்பர் டயாப்ரம் கிழிந்து, வெற்றிலை அளவுக்கு ஒரு துண்டு தொங்கியது. அந்த ஓட்டை வழியாக வேக்குவம் ஒழுக, அது குறையக் குறைய ஜெர்க் வர, அதை அமுக்க ஒருவர் கேபிளைத் தளர்த்த, கியர் சீக்கிரம் ஏற, நான் ஐந்து நாசில் வாங்கினேன்.

ஜெர்மனியிலிருந்து அந்த டப்பா வர ஐந்து வாரம் ஆனது. அதுவரை ஆணியோடே ஓட்டினோம். மாட்டி முடித்த அன்றைக்கு டிரைவர் கதவில் சாவியைத் திருப்பியதும் நான்கு கதவும் 'டப்' என்று பூட்டின. பின் இடதுதான் அரை வினாடி தாமதம். வீட்டுக்காரி சுற்றி வந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தன நாளுங்" என்றாள். நீலாம்பூரில் கடைசியாக எடுத்த நேரம் 20.8 வினாடி.

போன வாரம் வால்பாறைக்குப் போனோம். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. மேலே போகப்போகக் காற்று மெலியும், டர்போ இல்லாத இன்ஜினுக்கு நூறு மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் வலு குறையும். அதையும் நோட்டில் எழுதிவைத்திருந்தேன். இருபதாவது வளைவில் ஒரு அரசு பஸ் ஹார்ன் அடித்து எங்களைத் தாண்டியது. பேரன் ஒன்றும் சொல்லவில்லை, வெளியே வரையாட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.